எங்களுக்கும் அவதான் ராணி

இங்கிலாந்து மகாராணி காலமான அன்று நான் ட்ராமில் இருந்து அழுதேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் என்னோடு கதிரை பிடிக்கச் சண்டை போட்டவர்கள் நீங்கள், உங்களுக்கு இல்லாத உரிமையா? இப்போது எல்லோரும் முப்பதைத் தாண்டி, தலையில் நரை தேடத் தொடங்கிவிட்டோம். சந்திக்கிற இடத்தில் அப்பா அம்மாவின் முழங்கால் நோவுக்கு என்ன களிம்பு நல்லது என்று விசாரிக்கிறோம். இந்த வயதிலாவது அந்தக் குளிர்காலத்தைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்களில் அரைவாசிப் பேர் நான் செய்ததையே செய்தவர்கள். செய்யவில்லை என்று சத்தியம் பண்ணுகிறவர்களை நான் நம்பமாட்டேன்.

ராணி அரியணை ஏறி ஐம்பது வருடம் நிறைந்த வருடம் அது. எனக்குப் பத்து வயது, நான்காம் வகுப்பு. ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரில் மூன்றாம் மாடி வீடு, லிஃப்ட் இல்லை. அப்பா ஒரு ஹோட்டல் சமையலறையில் சட்டிகள் கழுவினார். வேலையால் வந்து சட்டை மாற்றினாலும் அவருடைய கைகளில் எலுமிச்சை வாசனைச் சவர்க்காரம் மணத்துக்கொண்டே இருக்கும். அம்மா விடியற்காலையில் அலுவலகங்கள் துடைத்துவிட்டு, நான் பள்ளிக்கூடம் போகும் நேரத்துக்கு ஓடி வந்து தலை பின்னிவிடுவா. அவவின் விரல்கள் ஐஸ் மாதிரி இருக்கும். நான் கத்துவேன், அவ இன்னும் இறுக்கிப் பின்னுவா.

நான்காம் வகுப்போடு இங்கே பிள்ளைகளை மூன்றாகப் பிரிப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் பிள்ளைகள் வாசித்தால் விளங்கட்டும் என்று எழுதுகிறேன். பல்கலைக்கழகம் வரை போவார்கள் என்று நினைக்கிற பிள்ளைகளுக்குக் கிம்னாசியம். நடுத்தரத்துக்கு ரியால்ஷூல. மிச்சப் பேருக்கு ஹவுப்ட்ஷூல, அங்கிருந்து கெதியாக ஏதாவது தொழில் பழகப் போகலாம். எந்தப் பள்ளிக்கூடம் என்று வகுப்பு ரீச்சர் சிபாரிசு எழுதுவார். பத்து வயதில் ஒரு கடதாசி. எங்கள் வீட்டில் அந்த வருடம் முழுவதும் அந்தக் கடதாசிக்காகத்தான் சோறு சமைத்ததும் சாமி கும்பிட்டதும்.

இலையுதிர் கால விடுமுறைக்குப் பிறகு, புகழ்பெற்ற ஒருவரைப் பற்றி வகுப்புக்கு முன்னால் பேச வேண்டும் என்று ரீச்சர் சொன்னார். எங்கள் ரீச்சர் உயரமானவர், மரத்தோடு போட்டி போடுவார், கோபித்தாலும் குரல் உயராது. மற்றப் பிள்ளைகள் உதைபந்தாட்டக்காரர்களையும் பாட்டுக்காரர்களையும் பங்குபோட்டார்கள். நான் கோடை காலத்தில் தொலைக்காட்சியில் பார்த்த தங்க வண்டியை நினைத்து, இங்கிலாந்து ராணி என்று சொல்லிவிட்டேன்.

அதை அப்பாவிடம் சொன்னதுதான் தாமதம், மனிசன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டார்.

"ஆர், எங்கட ராணியையோ?"

"எங்கட ராணி இல்லை அப்பா. இங்கிலாந்து ராணி."

"எங்களுக்கும் அவதான் ராணி, பிள்ளை. அவ முடிசூடின வருசம்தான் நான் பிறந்தனான். எங்கட ரெண்டு சதக் காசில அவவின்ர தலைதான் இருந்தது. நாப்பத்தெட்டில சுதந்திரம் தந்தவங்கள் எண்டு சொன்னாலும், எழுவத்திரண்டு மட்டும் இலங்கைக்கு அவதான் ராணி. பேந்துதான் குடியரசு எண்டு மாத்தினவங்கள். அண்டைக்கு எங்கட பக்கம் கறுப்புக்கொடி கட்டினவை."

"ராணி போயிட்டா எண்டு கவலையிலயோ?"

"ராணிக்கு இல்லையடி, தமிழரை ஒதுக்கி வந்த புது அரசியல் சட்டத்துக்கு!" என்று அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தா.

அதற்குப் பிறகு இரண்டு கிழமை, அப்பா வேலையால் வந்ததும் கைகால் கழுவிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து ராணி கதை சொன்னார். வீட்டிலே கதைக்கவே கூலி கேட்கிற மனிதர் அவர். அவருக்குள் இவ்வளவு கதை இருந்தது எனக்கு அதுவரை தெரியாது. அவ ராணியாக வருவதற்குப் பிறந்த பிள்ளையே இல்லையாம். பெரியப்பா அரசன், அவர் ஒரு பெண்ணைக் கல்யாணம் கட்டுவதற்காக முடியை இறக்கி வைத்துவிட்டுப் போக, தகப்பன் அரசனாகிவிட்டார். "அப்ப அவவுக்கு உன்ர வயசு. பத்து. பெரியாக்கள் ஒரு அறைக்குள்ள இருந்து முடிவெடுக்க, இந்தப் பிள்ளையின்ர சீவியமே வேற பக்கம் திரும்பிப்போச்சு." அவ பள்ளிக்கூடம் போகவே இல்லை, வீட்டுக்கு வந்துதான் படிப்பித்தார்கள் என்றபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அவவுக்கு ஒருவரும் சிபாரிசு எழுதவில்லை! யுத்த காலத்தில் லொறி ஓடப் பழகி, என்ஜின் கழற்றிப் பூட்டிய கதையை நான் மூன்று தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

தகப்பன் இறந்த செய்தி அவவுக்குக் கென்யாவில்தான் கிடைத்தது. அந்த இடத்துக்கு வந்ததும் அப்பாவின் குரல் இறங்கிவிட்டது. "அவவும் வேற தேசத்தில நிண்டுதான் கேட்டவ," என்றார். அப்பாவுடைய தகப்பன் யாழ்ப்பாணத்தில் இறந்தபோது, இவர் இங்கே ஹோட்டலில் நின்றார். ஒருவர் வந்து தொலைபேசி என்று கூப்பிட்டாராம், போய்க் கேட்டுவிட்டுத் திரும்பி வந்து மிச்சச் சட்டிகளைக் கழுவி முடித்தாராம். அதை அவர் அன்றைக்குத்தான் முதல் தரம் வாய்விட்டுச் சொன்னார். நான் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன்.

"ராணி உடன முதல் பிளேனில வெளிக்கிட்டுட்டா. அண்டு துவங்கி அம்பது வருசம். எனக்கு இது வேணும், அது வேணும் எண்டு ஒருநாள் வாய் திறந்து கேட்டிருப்பாவே? இந்த வருசம் தங்கச்சியும் செத்து, தாயும் செத்து, அதுக்குப் பிறகும் விழாவில சிரிச்சுக்கொண்டு நிண்டவ. மரியாதை எண்டா அதுதான்."

அப்பாவுக்கு மரியாதை என்றால் கேட்காமல் இருப்பது. இதை நான் பிறகு விளங்கிக்கொண்டேன். அந்த வயதில், ராணியிடம் லொறி இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியம்.

பேச்சு நாள் வந்தது. ஓவர்ஹெட் இயந்திரத்தின் விசிறி இரைகிற சத்தமும், சூடான பிளாஸ்டிக் தாளின் மணமும் இப்போதும் என் நினைவில் இருக்கின்றன. எங்கள் பிள்ளைகளுக்கு அந்த இயந்திரத்தைக் காட்ட ஒரு நூதனசாலைக்குத்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கண்ணாடி மாதிரித் தாளில் நான் கீறின கிரீடம் சுவரிலே ஆளுயரத்துக்கு விழுந்தது. எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில், "இவர் என் அப்பாவின் நாட்டுக்கும் 1972 வரை ராணியாக இருந்தார்," என்றேன்.

ரீச்சர் கையை உயர்த்தி நிறுத்தினார். "அது சரியில்லை. இலங்கை 1948இலேயே சுதந்திரம் அடைந்துவிட்டது. இதை எந்தப் புத்தகத்தில் வாசித்தாய்?"

"அப்பா சொன்னார்."

பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். ரீச்சர் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசம். "கேள்விப்பட்ட கதைகளையும் உண்மைகளையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்," என்று மெதுவாகச் சொன்னார். புள்ளி எழுதின தாளிலும் அதே வசனத்தை எழுதியிருந்தார். உழைப்புண்டு, ஆனால் கற்பனை அதிகம் என்று கீழே இன்னொரு வரி.

அப்பாவிடம் தாளைக் காட்டினேன். அவர் சண்டைக்குப் போவார் என்று பார்த்தால், தாளை மடித்து என் கையில் திருப்பித் தந்தார்.

"விடு பிள்ளை. ரீச்சரோட வாதாடக் கூடாது."

"நீங்கள் சொன்னது பொய்யோ அப்பா?"

"பொய் இல்லை. ஆனா ரீச்சர் சொன்னா சொன்னதுதான்."

எனக்கு ஏறிக்கொண்டு வந்தது. என் அப்பாவைப் பொய்யன் என்று பின்வரிசை சிரித்திருக்கிறது, அதை விடுவதா? அடுத்த நாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் நகர நூலகத்துக்குப் போனேன். நூலகக்காரிக்கு முதலில் நான் வழிதவறி வந்துவிட்டேன் என்ற நினைப்பு. மூன்றாம் நாள் அவர் தானாகவே ஏணி வைத்து ஏறி, தூசி பிடித்த கலைக்களஞ்சியங்களை இறக்கித் தந்தார். நான் நின்றுகொண்டே பக்கம் புரட்டினேன், இருந்தால் மேசை எனக்கு எட்டாது. நாலாம் நாளும் ஒன்றும் அகப்படவில்லை. ஐந்தாம் நாள் அகப்பட்டது. 1948இல் சுதந்திரம், ஆனாலும் 1972இல் குடியரசாகும் வரை பிரித்தானிய முடிக்குரியவரே இலங்கைக்கும் அரச தலைவர் என்று தெளிவாகப் போட்டிருந்தது. நூலகக்காரி அந்தப் பக்கத்தைப் படி எடுத்துத் தந்தார். அதை என் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். அப்பாவின் கட்டளையை மீறி ரீச்சரிடம் கொடுக்கத் துணிவு வரவில்லை.

நவம்பர் கடைசியில் பெற்றோர் சந்திப்பு. அப்பா கோட்டும் டையும் போட்டார். அம்மா சேலை உடுத்து, அதற்கு மேல் கம்பளிக் கோட்டு மாட்டினா. வழக்கம்போல மொழிபெயர்ப்பு நான்தான். உங்கள் எல்லோருக்கும் அந்த வேலை தெரியும். டாக்டரிடமும், வீட்டுக்காரனிடமும், நகரசபையிலும், அப்பா அம்மாவின் நாக்காக நாங்கள்தானே திரிந்தோம். அன்று நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது என் சொந்தத் தீர்ப்பை.

ரீச்சர் முதலில் அப்பாவைத்தான் கேட்டார். "உங்கள் மகளுக்கு எந்தப் பள்ளிக்கூடத்தை விரும்புகிறீர்கள்?"

நான் தமிழில் சொன்னேன். அப்பா தலையைக் குனிந்து, "ரீச்சருக்குத் தெரியாததே? நீங்கள் எது சொன்னாலும் எங்களுக்குச் சரி எண்டு சொல்லு," என்றார்.

யாழ்ப்பாணத்தில் இதைவிடப் பெரிய மரியாதையை ஒரு ஆசிரியருக்குக் கொடுக்க முடியாது. பிள்ளையையே கையில் கொடுத்த மாதிரி. ஆனால் இந்த நாட்டில் அதைக் கேட்கிற ஆசிரியர், இவர்களுக்குப் பிள்ளையின் படிப்பில் அக்கறை இல்லை என்றுதான் நினைப்பார். இது எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். அப்பாவுக்கு ஐம்பதை எட்டுகிற வயதிலும் தெரியவில்லை. நான் அப்பா சொன்னதைச் சொல்லவில்லை. "கிம்னாசியம் வேண்டும் என்று அப்பா சொல்கிறார்," என்றேன்.

ரீச்சரின் புருவம் உயர்ந்தது. எனக்கு உழைப்பு இருக்கிறது, ஆனால் வீட்டில் ஜெர்மன் இல்லை, உதவ ஆள் இல்லை, ஹவுப்ட்ஷூல என்றால் மன அழுத்தம் இல்லாமல் வளருவேன் என்று பொறுமையாக விளக்கினார். அப்பா ஒவ்வொரு வசனத்துக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னவாம்?"

"கிம்னாசியத்துக்குப் போகட்டாம். நல்லாப் படிக்க வேணுமாம்."

அப்பா எழுந்து இரண்டு கைகளாலும் ரீச்சரின் கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. ரீச்சர் குழம்பிப்போய் நின்றார். வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா மட்டும் என் காதருகே குனிந்து, "உண்மையாத்தான் அவ அப்பிடிச் சொன்னவவோ?" என்று கேட்டா. "ஓம் அம்மா," என்றேன். அவ என் கையை விடவில்லை.

அப்பா அந்தச் செய்தியை ஊரெல்லாம் பரப்பிவிட்டார். ஹோட்டலில், தமிழ்க் கடையில், கோயிலில். "ரீச்சரே சொல்லிப்போட்டா!" அரையாண்டு அறிக்கை வந்தபோது அதை வாசித்துக் கேட்டு மகிழ, கீழ்வீட்டு அக்காவைக் கூப்பிட்டார். தாதிக்குப் படித்துக்கொண்டிருந்த அந்த அக்காவுக்கு நல்ல ஜெர்மன். அவ வாசித்தா. நிறுத்தினா. என்னைப் பார்த்தா.

"அண்ணை, இதில ஹவுப்ட்ஷூல எண்டுதான் ரீச்சர் எழுதியிருக்கிறா. தாய் தகப்பன் கிம்னாசியம் கேட்டவை எண்டும் இருக்கு. தன்ர சொல்லை மீறி நீங்கள் அனுப்புறதெண்டா வந்து கையெழுத்து வைக்க வேணுமாம்."

அக்கா தேத்தண்ணி குடிக்காமலே இறங்கிப் போய்விட்டா. அப்பா என்னை அடிக்கவில்லை. அடுப்படிக் கதிரையில் உட்கார்ந்து, "அண்டைக்கு ரீச்சர் சொன்னதை ஒரு சொல்லும் விடாமச் சொல்லு," என்றார். சொன்னேன்.

"நான் சொன்னதை நீ என்னண்டு சொன்னனீ?"

"நீங்கள் கிம்னாசியம் கேட்டனீங்கள் எண்டு."

"நான் கேக்கேல்லையே."

"ஓம் அப்பா. நீங்கள் கேக்கேல்லை. அதுதான் நான் கேட்டனான்."

"கேட்டிருக்கலாம்தானே," என்று அம்மா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னா. யாருக்குச் சொன்னா என்று அப்பாவுக்கும் விளங்கியது, எனக்கும் விளங்கியது. அப்பா அறிக்கையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"நாளைக்கு ரீச்சரிட்டப் போறம். செய்த பிழைக்கு மன்னிப்புக் கேட்டு, அவ சொன்னபடியே விடுறம்."

மறுநாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரம், சந்திக்க நேரம் குறிக்கிற டேர்மின் எதுவும் எடுக்காமல் அப்பா வந்து தாழ்வாரத்தில் நின்றார். சப்பாத்திலிருந்து பனி உருகி நிலத்தில் ஓடியது. அவர் கைக்குட்டையால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ரீச்சர் கதவைத் திறந்தார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அன்று இரண்டு பக்கமும் மாற்றிச் சொன்னதை அப்படியே ஒத்துக்கொண்டேன். ரீச்சரின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. "அந்த ராணி கதையை வகுப்பில சொன்னதுக்கும் மன்னிப்புக் கேள்," என்றார் அப்பா.

"அதுக்குக் கேக்கமாட்டன்."

"பிள்ளை!"

"பொய் சொன்னதுக்குக் கேட்டுட்டன். அதுக்குக் கேக்கமாட்டன் அப்பா. அது பொய் இல்லை."

கணக்குப் புத்தகத்தைத் திறந்து அந்தப் படியை மேசையில் வைத்தேன். ரீச்சர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு வாசித்தார். திரும்பவும் வாசித்தார். பிறகு எழுந்து நின்று என்னிடம், "நீ சொன்னதுதான் சரி. பிழை என்னுடையது. தேடிப் பார்க்காமல் வகுப்புக்கு முன்னால் உன்னைத் திருத்திவிட்டேன். மன்னித்துக்கொள்," என்றார். அப்பாவின் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். அப்பாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"என்னவாம்?"

"நாங்கள் சொன்னது சரியாம். பிழை தன்னுடையதாம். மன்னிக்கட்டாம்."

அப்பாவின் முகம் கறுத்துப்போனது. "திரும்பவும் துவங்கிட்டியே? ரீச்சருக்கு முன்னால நிண்டே பொய் சொல்லுறியே?"

"சத்தியமாத்தான் சொல்லுறன் அப்பா!"

வெட்கத்தை விட்டு அழுதேன். உண்மையைச் சொல்கிற நேரத்தில் என் நாக்குக்கு விலை இல்லாமல் போய்விட்டது. அப்போதுதான் ரீச்சருக்கு நிலைமை விளங்கியிருக்க வேண்டும். மேசையைச் சுற்றி வந்து அப்பாவுக்கு நேரே நின்றார். தன் நெஞ்சில் கை வைத்து, மெதுவாக, "நான். பிழை," என்று ஜெர்மனில் சொன்னார். என் பக்கம் கையைக் காட்டி, "இவள். சரி," என்றார்.

அந்த ஜெர்மன் சொற்கள் அப்பாவுக்குத் தெரியும். ஹோட்டலில் ஒவ்வொரு நாளும் கேட்பவை. ஆனால் அங்கே பிழை எப்போதும் அவருடையதாகத்தான் இருக்கும். தன்னுடையது என்று சொன்ன ஒருவரை, அதுவும் ஒரு ரீச்சரை, அவர் அதுவரை கண்டதில்லை. மெல்லக் கதிரையில் அமர்ந்தார். சின்னப் பிள்ளைகளின் கதிரை அது, முழங்கால் நெஞ்சுக்கு வந்தது.

ரீச்சர் சிபாரிசுப் படிவத்தை எடுத்தார். "படிப்பைப் பற்றி என் பயம் மாறவில்லை. உங்கள் மகளுக்கு அங்கே கஷ்டமாக இருக்கும். ஆனால் முடிவு பெற்றோருடையது. அன்று உங்கள் விருப்பம் எனக்குத் தெரியவரவில்லை. இப்போது கேட்கிறேன். நீங்கள் என்ன விரும்புகிறீர்கள்?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு தமிழில் சொல்ல வாயெடுத்தேன். அப்பா கையை உயர்த்தினார்.

"விளங்குது. நீ பேசாமல் இரு."

அவர் எழுந்தார். கோட்டின் பொத்தானைப் பூட்டினார். பதினைந்து வருடமாகச் சேர்த்து வைத்திருந்த ஜெர்மனை உள்ளே எங்கேயோ தேடினார். "என் மகள்," என்றார். நின்றார். "கிம்னாசியம்," என்றார். கடையில் பாண் வாங்கும்போது சொல்கிற பணிவான சொல் அவருக்கு நன்றாகத் தெரியும். அதை அவர் எடுக்கவில்லை.

"இஹ் வில்," என்றார். எனக்கு வேணும்.

ரீச்சர் பேனையை அவரிடம் நீட்டினார். மொழிபெயர்க்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.